எடுக்கப் போகலை... எறியப் போனாங்க!

வேலைக்குச் சேரும்போது கையில் கொடுக்கிறார்களே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், அதை யாராவது கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறீர்களா? நாம் படிப்பது ஒரே ஒரு வரி. சம்பளம். மிச்சத்தையெல்லாம் வேலையை விடுகிற அன்றைக்குத்தான் ஃபைலைத் தூசு தட்டி எடுத்து, 'அடப்பாவி, மூணு மாச நோட்டீஸா!' என்று தலையில் கை வைத்துக்கொண்டு படிப்போம்.

ஒரு கதாநாயகனுக்கு வந்த ஆர்டரைச் சொல்கிறேன், கேளுங்கள். வேலை: டிராகன் காவல் காக்கிற புதையலைத் திருடிக்கொண்டு வருவது. சம்பளம்: லாபத்தில் பதினாலில் ஒரு பங்கு. அதுவும் லாபம் என்று ஒன்று வந்தால்! பிரயாணச் செலவு எப்படியும் உண்டு. ஈமச்சடங்குச் செலவும் உண்டு. ஆனால் அதற்கு வேறு விதமாக ஏற்பாடு ஆகாமல் இருந்தால்தான். (டிராகனே முழுங்கிவிட்டால் விறகுச் செலவு மிச்சம் பாருங்கள்.)

நான் பி.காம். படித்த ஆசாமி. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதலில் வரவு-செலவுதான் கண்ணில் படும். மாயாஜாலக் கதைகள் பக்கம் தலைவைத்துப் படுக்காத என்னை 'அட!' என்று நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த ஒப்பந்தம்தான். புத்தகத்தின் பெயர் 'தி ஹாபிட்'. வெளிவந்தது 1937, செப்டம்பர் 21. எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், ஆக்ஸ்ஃபோர்டில் பழைய இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த புரொபசர். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு புண்ணியவான் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தானாம். சலிப்பில் இருந்த புரொபசர் அந்த வெற்றுப் பக்கத்தில் ஹாபிட், பொந்து, வாசம் என்று ஒரு வரி கிறுக்கினார். கதை அங்கேதான் ஆரம்பம். லீவில் பேப்பர் திருத்தியது இலக்கிய தாகத்தால் இல்லை. குடும்பம் பெரிசு, சம்பளம் பத்தவில்லை. ஓவர்டைம்!

ஆனால் இந்த வாரம் பேசப்போவது அதன் அடுத்த கதையைப் பற்றி. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2001, 2002, 2003 என்று மூன்று வருஷம் வரிசையாகப் படமாக வந்ததே, மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியதே, அதே கதைதான். படம் பார்த்தவர்கள், 'தெரியும் சார்... கத்திச் சண்டை, பெரிய கண்ணு, எரிமலை' என்று கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கத்திச் சண்டையைத் தாண்டி அதில் ஒரு சமாசாரம் இருக்கிறது.

* * *

முதலில் ஹாபிட் என்றால் யார்? மூணு, மூணரை அடி உயரம். பாதத்தில் புசுபுசுவென்று ரோமம், அதனால் செருப்புச் செலவு கிடையாது. கிடைத்தால் ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பாடு. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்தான் மற்றவர்களுக்குப் பரிசு தர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்கள் ஊரில் ஒருத்தன் மேஜராவது 33 வயசில்! இருபத்தெட்டு தாண்டியதும் 'என்னப்பா, இன்னும் செட்டில் ஆகலியா?' என்று துக்கம் விசாரிக்கிற மாமாக்கள் அந்த ஊரில் கிடையாது. பிரம்மச்சாரிகளே, ஷயர் என்ற அந்த ஊருக்கு விசா கிடைத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த ஊரில் பில்போ என்று ஒரு கிழவர். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் போனவர் அவர்தான். போன இடத்தில் ஒரு மோதிரம் கிடைத்தது. போட்டால் ஆள் மறைந்துவிடுவார். ஏதோ வித்தை மோதிரம் என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அது சௌரான் என்கிற இருட்டுச் சக்கரவர்த்தி, தன் பலத்தில் பெரும்பங்கை அடைத்துவைத்துச் செய்த மோதிரம் என்று பிற்பாடுதான் தெரிகிறது. அது அவன் கைக்குத் திரும்பினால் உலகம் அம்பேல். உடைக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. ஒரே வழி, அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போடுவது. எரிமலை எங்கே இருக்கிறது? சௌரான் வீட்டுக் கொல்லைப்புறத்தில்.

இந்த வேலை பில்போவின் சுவீகாரப் பிள்ளை ஃப்ரோடோ தலையில் விழுகிறது. கிளம்பும்போது அவனுக்கு வயசு 50. கூடவே தோட்டக்காரன் சாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் உள்ள சாகசக் கதைகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். புதையல் எடுக்கப் போவான், இளவரசியை மீட்கப் போவான், மந்திரவாளைக் கொண்டுவரப் போவான். மொத்தத்தில் போகும்போது வெறுங்கை, வரும்போது லக்கேஜ். பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஏற வேண்டும்; அதற்குத்தான் பாடுபடுவது. டோல்கீன் இதைத் தலைகீழாகப் போட்டார். உலகத்திலேயே பெரிய சொத்து ஆரம்பத்திலேயே கையில் இருக்கிறது. கதை முழுக்க அதை ஒழித்துக்கட்டத்தான் இத்தனை பாடு. கணக்குப் பாஷையில் சொன்னால் ரைட்-ஆஃப். ஒரு ரைட்-ஆஃபுக்கு ஆயிரம் பக்கம்!

ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்கள், சொத்தைப் புத்தகத்தில் ஏற்றுவது ஒரு நிமிஷம். நீக்குவதுதான் பிராணன் போகும் என்பார்.

* * *

'அவ்வளவு சக்தி வாய்ந்த மோதிரம் என்றால் நல்லவன் எவனாவது அதைப் போட்டுக்கொண்டு சௌரானை ஒரே போடாகப் போட வேண்டியதுதானே?'

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தால் வெட்கப்பட வேண்டாம். கதைக்குள்ளேயே போரமிர் என்ற வீரன் இதைத்தான் கேட்கிறான். கெட்டவன் இல்லை அவன். எதிரியின் வாசலில் அவன் ஊர் நிற்கிறது. தினமும் ஜனங்கள் சாகிறார்கள். 'கையில் ஆயுதம் இருக்கும்போது அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுவதா?' என்று அவன் வயிறு எரிகிறது. நியாயமான எரிச்சல். அந்த நியாயம்தான் கடைசியில் அவனை ஃப்ரோடோ மேலேயே பாய வைக்கிறது.

மற்ற பெரியவர்கள் எப்படி? காண்டால்ஃப் என்ற மந்திரவாதிக்கு ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டுகிறான். அவர் பதறிப்போகிறார். எனக்கு ஆசை காட்டாதே, நல்லது செய்யும் ஆசை வழியாகவே இது எனக்குள் நுழைந்துவிடும் என்கிற அர்த்தத்தில் மறுக்கிறார். கலாட்ரியல் என்ற ராணி தன் முறைக்கு ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறாள். தான் எத்தனை பயங்கரமான, எத்தனை அழகான சர்வாதிகாரியாக ஆகிவிடுவோம் என்பதை அவள் கண்ணெதிரே பார்த்துவிடுகிறாள். பிறகு வேண்டாம் என்கிறாள்.

இது எரிமலையில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். கான்டீனில் நம்மோடு உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டு, 'நான் மட்டும் அந்த சீட்ல உட்கார்ந்தேன்னா லீவு கேட்கிறவனுக்கு உடனே சாங்ஷன்' என்று சொன்ன நண்பர் ஒருநாள் நிஜமாகவே அந்த சீட்டில் உட்காருவார். முதல் மாதம் கதவு திறந்திருக்கும். இரண்டாவது மாதம் கதவுக்கு ஸ்பிரிங் வந்துவிடும். மூன்றாவது மாதம் லீவு லெட்டரோடு போனால், 'என்ன காரணம்?' என்பார். ஆள் கெட்டவரில்லை. சீட்டு அப்படி. தான் நல்லவன் என்ற நிச்சயம் இருக்கிறதே, அதுதான் மோதிரம் நுழைகிற ஓட்டை.

பில்போ மோதிரத்தை விட்டுப் போகிற கட்டம் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம். கிழவர் வீட்டை, தோட்டத்தை, எல்லாவற்றையும் ஃப்ரோடோவுக்கு எழுதி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். மோதிரத்தைக்கூட ஒரு கவரில் போட்டாயிற்று, கணப்பு மேடை மேலே வைத்தாயிற்று என்கிறார். அப்புறம் பார்த்தால் கவர் அவர் சட்டைப் பையில் இருக்கிறது! காண்டால்ஃப் கேட்டால் கோபம் வருகிறது. 'என்னுடையது, நான் கண்டெடுத்தது' என்கிறார். திருட்டு புத்தியில்லை. கை விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். ரிட்டயரான பிறகும் ஆபீஸ் பீரோ சாவியைத் திருப்பித் தராமல் வேட்டி மடிப்பில் வைத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

* * *

இந்த மனுஷருக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரிந்தது?

டோல்கீன் பிறந்தது 1892, ஜனவரி 3, தென் ஆப்பிரிக்காவில். அப்பா பாங்க் மேனேஜர். நாலு வயசில் அப்பா போனார், பன்னிரண்டு வயசில் அம்மா போனார். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் ஜமா. லைப்ரரியில் திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடித்து, உலகத்தையே கவிதையால் மாற்றப்போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்த ஜமா. நமக்கெல்லாம் இருந்ததே, அதே மாதிரி.

1916, ஜூலை 1. பிரான்ஸில் சோம் யுத்தம் தொடங்கிய நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,000 பேருக்கு மேல். அதில் ஒருவர் ஜமாவைச் சேர்ந்த ராப் கில்சன். அந்த டிசம்பரில் குண்டுச் சிதறல் பட்டு இன்னொருவர், ஜெஃப்ரி ஸ்மித். சிக்னல் ஆபீஸராகப் பதுங்குகுழியில் இருந்த டோல்கீனைக் காப்பாற்றியது எது தெரியுமா? பேன்! பேனால் வருகிற பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து படுத்தார். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு பேரில் மிஞ்சியது இரண்டு.

நாவலில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. தண்ணீருக்கு அடியில் செத்துப்போன வீரர்களின் முகங்கள். பார்க்கிறவனைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். அதற்கும் சோம் யுத்தத்துக்குப் பிந்தைய வட பிரான்ஸுக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு என்று அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சாம் என்ற தோட்டக்காரனும் அங்கிருந்துதான் வந்தான். அந்த யுத்தத்தில் ஆபீஸர்களுக்கு எடுபிடியாக இருந்த சாதா சிப்பாய்கள், தன்னைவிட எவ்வளவோ உயர்ந்தவர்கள் என்று அவர் மனசில் தங்கிவிட்டவர்கள், அவர்களின் சாயல்தான் சாம். அவன் மூட்டையில் வாள், கேடயமா இருக்கிறது? சமையல் பாத்திரம் இருக்கிறது. சின்னப் பெட்டியில் உப்பு இருக்கிறது, எங்கே எது கிடைத்தாலும் வாயில் வைக்கிற மாதிரி ஆக்கிவிடலாம் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. எதிரி நாட்டு வாசலில் முயல் குழம்பு வைக்கிற பயல்!

கடைசி ஏற்றத்தில் பாரம் தாங்காமல் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டி வருகிறது. அந்தப் பாத்திரங்களை ஒரு பிளவில் போடுகிறான். அது கணகணவென்று உருண்டு விழுகிற சத்தத்தில் அவன் நெஞ்சு உடைகிறது. ராஜாக்கள் சாகிற கட்டத்தில் வராத கண்ணீர் அந்த ஈயச் சட்டி விழும்போது வந்துவிடும். ஏனென்றால் பாத்திரத்தைப் போட்டால் திரும்பி வருகிற உத்தேசமே இல்லை என்று அர்த்தம்.

* * *

முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் இங்கே ஒரு பத்தி தாண்டிக் குதிக்கலாம். ஆனால் 1955-ல் அச்சான முடிவு. ரகசியத்துக்கும் காலாவதி உண்டு.

மார்ச் 25. (ஆமாம் சார், கணக்கு முடிக்கிற மாசம்தான்.) ஃப்ரோடோ எரிமலை விளிம்பில் நிற்கிறான். கையை விரித்தால் போதும். விரிக்க மாட்டேன் என்கிறான். மோதிரம் என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். ஆயிரம் பக்கம் நடந்து வந்த கதாநாயகன் ஆயிரமாவது பக்கத்தில் தோற்றுவிடுகிறான்! அப்போது மோதிரப் பித்துப் பிடித்துப் பின்னாலேயே வந்த ஒரு ஜந்து, பெயர் கால்லம் (கோலம் இல்லை, கொல்லம் இல்லை, கால்லம்), ஃப்ரோடோவின் விரலையே கடித்து மோதிரத்தைப் பிடுங்குகிறது. சந்தோஷத்தில் குதிக்கிறது. கால் தவறி, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறது. வேலை முடிந்தது.

'என்னய்யா இது, வாழைப்பழத் தோல் வழுக்கின மாதிரி!' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். கால்லம் அங்கே எப்படி வந்தது? எப்போதோ செத்திருக்க வேண்டிய ஜந்து அது. முதலில் பில்போ அதைக் கொல்லலாம், இருட்டுக் குகையில் கத்தி கையில் இருக்கிறது. பாவம் என்று விட்டுவிட்டார். அப்புறம் ஃப்ரோடோ விட்டான். வெறுத்துக்கொண்டே சாமும் கடைசியில் விட்டான். கதைக் காலண்டர்படி பில்போவின் இரக்கத்துக்கும் எரிமலைக்கும் நடுவில் 78 வருஷம். ஏதோ ஒரு பழைய பேரேட்டில், திரும்பி வராது என்று எழுதிவைத்த தொகை, வட்டியும் முதலுமாக, கம்பெனி மூழ்குகிற நாளில் வந்து சேர்கிறது. வீரம் பாலன்ஸ் ஷீட்டைத் தூக்கி நிறுத்தவில்லை. இரக்கம் நிறுத்திற்று.

இதில் ஒரு தமாஷ் உண்டு. 1937-ல் வந்த முதல் 'ஹாபிட்' பதிப்பில் அந்த இரக்கக் காட்சியே கிடையாது! அதில் கால்லம் ஓரளவு யோக்கியன். விடுகதைப் பந்தயத்தில் தோற்றதும், மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கத் தேடுகிறது, காணோம் என்றதும் வழிகாட்டி அனுப்பிவைக்கிறது. ராம் ராம் சொல்லிப் பிரிகிறார்கள். அடுத்த நாவலை எழுதும்போது இது சரிப்படாது என்று டோல்கீனுக்குத் தெரிந்துவிட்டது. அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். 1951 பதிப்பில் அது அச்சேறியது. சரி, பழைய பதிப்பை வாங்கியவர்களுக்கு என்ன பதில்? அது பில்போ கிழவர் மோதிரத்துக்கு உரிமை கொண்டாடச் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே ஒரு வரவு வைத்துவிட்டார்! இதைவிடச் சுத்தமான திருத்தப் பதிவை நான் எந்த ஆடிட்டரிடமும் பார்த்ததில்லை.

'ஹீரோ தோற்றுவிட்டானே' என்று வாசகர்கள் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. ஆமாம், தோற்றான் என்றார். ஆனால் ஒருத்தன் தன்னால் ஆன மட்டும் கடைசிச் சொட்டு வரை செலவழித்து, அதற்கு மேல் முடியாமல் போனால் அது ஒழுக்கக்கேடு இல்லை என்பது அவர் வாதம். டார்கெட் எட்டாதவனை எல்லாம் ஒரே தராசில் நிறுத்துகிற மேனேஜர்கள் இந்தப் பக்கத்தை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

* * *

சரி, வியாபாரத்துக்கு வருவோம். அதைச் சொல்லாவிட்டால் என் டிகிரிக்கு மரியாதை இல்லை.

1936-ல் 'ஹாபிட்' கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தது. குழந்தைப் புத்தகத்தைக் குழந்தைதான் எடைபோட வேண்டும் என்று தன் பத்து வயசுப் பையன் ரேனரிடம் கொடுத்தார். படித்து அபிப்பிராயம் எழுத ஃபீஸ் ஒரு ஷில்லிங். பையன் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிக்கொடுத்தான். புத்தகம் வந்தது, விற்றது. அடுத்தது எப்போது என்றார்கள். 1937 டிசம்பரில் ஆரம்பித்தார் டோல்கீன். முடித்தது 1949-ல். நடுவில் இரண்டாம் உலக யுத்தம், கிளாஸ், பேப்பர் திருத்தல். பத்து விரலால் அடிக்கிற டைப்பிஸ்டுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாமல், அத்தனை பக்கத்தையும் தானே இரண்டு விரலால் தட்டினார்.

அதன் பிறகும் பேரம், பிணக்கு, வேறு பதிப்பாளர், அங்கேயும் முறிவு என்று வருஷங்கள் ஓடின. காகிதம் விலையேறிவிட்டது. 1952-ல் விஷயம் மறுபடி ரேனரிடம் வந்தது. இப்போது பையனுக்கு 26 வயசு, அப்பா கம்பெனியில் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்று பாகமாகப் போட்டாலும் ஆயிரம் பவுண்ட் நஷ்டம் வரலாம். வெளிநாட்டில் இருந்த அப்பாவுக்கு எழுதினான்: புத்தகம் மேதைமை, ஆனால் ஆயிரம் பவுண்ட் போகலாம். மேதைமை என்று நீ நம்பினால் ஆயிரம் பவுண்டை இழக்கலாம் என்று பதில் வந்தது. இப்படி ஓர் அப்பாவும் முதலாளியும் ஒரே ஆளாக அமைவது பூர்வஜென்ம புண்ணியம்.

ஒப்பந்தம் எப்படி? அட்வான்ஸ் இல்லை. அச்சுக்கூலி முதலிய செலவெல்லாம் திரும்பி வரும் வரை ஆசிரியருக்குத் தம்படி கிடையாது. அதற்குப் பின் லாபத்தில் பாதிக்குப் பாதி. லாபம் வந்தால்! பில்போவுக்கு வந்த ஆர்டர் ஞாபகம் வருகிறதா? விளையாட்டாகக் கதையில் எழுதிய ஷரத்து நிஜத்தில் அவர் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

1954 ஜூலையில் முதல் பாகம், சுமார் 3,000 பிரதி, விலை 21 ஷில்லிங். நவம்பரில் இரண்டாவது. 1955 அக்டோபரில் மூன்றாவது. 1956 தொடக்கத்தில் முதல் செக் வந்தது. 3,500 பவுண்டுக்கு மேல்! யுனிவர்சிட்டியில் வாங்கிய வருஷச் சம்பளத்தைவிட அதிகம். இரண்டாவது செக் அதைவிடப் பெரிசு. சீக்கிரமே ரிட்டயர் ஆகியிருக்கலாமே என்று வருத்தப்பட்டாராம் மனுஷர். கஞ்சத்தனமான ஒப்பந்தம்தான் அவரைப் பணக்காரர் ஆக்கியது. சாதாரண ராயல்டி வாங்கியிருந்தால் அவ்வளவு தேறியிருக்காது.

1965-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, காப்பிரைட் சட்டத்தில் சந்து கண்டுபிடித்து, அனுமதி இல்லாமலே 75 சென்ட்டுக்கு மலிவுப் பதிப்பு போட்டது. லட்சத்துக்கு மேல் விற்றது. டோல்கீன் கோர்ட்டுக்குப் போகவில்லை. அமெரிக்க ரசிகர்களுக்குப் போடுகிற பதில் கடிதங்களிலெல்லாம் 'அது எனக்குத் தெரியாமல் போட்டது' என்று ஒரு வரி சேர்த்தார். அனுமதி பெற்ற பதிப்பு 95 சென்ட். இருபது சென்ட் கூடுதலாக இருந்தும் ஜனங்கள் அதையே வாங்கினார்கள். மற்ற கம்பெனி இறங்கிவந்து 9,000 டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு, இனி அச்சடிக்க மாட்டோம் என்றது. கோபத்தைக்கூட நிதானமாகச் செலவழிக்கத் தெரிந்த ஆள். அதே ஆள் இன்கம்டாக்ஸ் செக்கின் மேல், கான்கார்ட் விமானத்துக்கு இதில் ஒரு பென்னிகூடப் போகக் கூடாது என்று எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோதிரத்தை விட்டாலும் விடலாம், டாக்ஸ் கட்டும்போது கை நடுங்காமல் இருக்குமா?

* * *

இது ஹிட்லர் கதை, அணுகுண்டுதான் மோதிரம் என்று அந்தக் காலத்தில் பண்டிதர்கள் சூடம் அணைத்தார்கள். இல்லை என்று முன்னுரையில் ஆசிரியரே மறுத்தார். நிஜ யுத்தம் மாதிரி எழுதியிருந்தால் மோதிரத்தை யாரும் நெருப்பில் போட்டிருக்க மாட்டார்கள், பிடுங்கி எதிரிமேலேயே பிரயோகித்திருப்பார்கள் என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு தரப்புக்கும் குட்டு!

படத்தில் விட்டுவிட்ட கடைசிப் பகுதி ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. ஜெயித்து ஊர் திரும்பினால், ஊர் நாசமாகக் கிடக்கிறது. மரங்களை வெட்டியிருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் போர்டு மாட்டி ரூல்ஸ் எழுதியிருக்கிறார்கள். இருட்டு, எரிமலைப் பக்கம் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டு ஆளின் பேராசை வழியாக நம் தெருவுக்கும் வந்திருக்கிறது. அதையும் விரட்டுகிறார்கள். ஆனால் ஃப்ரோடோவுக்கு உடம்பும் மனசும் தேறவே இல்லை. வருஷா வருஷம் அதே தேதியில் காயம் வலிக்கிறது. எந்த ஊரைக் காப்பாற்றப் போனானோ அந்த ஊரில் அவனால் வாழ முடியவில்லை. கப்பலேறிப் போய்விடுகிறான். சோம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேருக்கு நடந்தது அதுதான். வெற்றி விழாவில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அவர்களால் உட்கார முடியாது.

சாம்? அவனும் கொஞ்ச நேரம் மோதிரத்தைச் சுமந்தவன்தான். எஜமான் செத்துவிட்டான் என்று நினைத்து எடுத்துக்கொண்டான். அதுவும் அவனுக்கு ஆசை காட்டிற்று: உன்னைச் சக்கரவர்த்தி ஆக்குகிறேன், இந்தப் பாலைவனம் பூராவையும் தோட்டமாக்கலாம் என்றது. சாம் யோசித்தான். தன் கையால் கொத்தி, தன் கையால் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னத் தோட்டம் போதும், மற்றவன் கையைக்கொண்டு உலகம் பூரா தோட்டம் போடுகிற வேலை நமக்கு எதற்கு என்று தோன்றிவிட்டது. எஜமான் உயிரோடு இருப்பது தெரிந்ததும் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தான். லேசாகத் தயங்கினான், கொடுத்தான்.

ஊருக்கு வந்து மரம் நட்டான், கல்யாணம் கட்டினான், பிள்ளைகுட்டி பெற்றான். ஜனங்கள் அவனை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஒரு தடவைக்கு ஏழு வருஷம். ஏழேழு நாற்பத்தொன்பது.

திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவன் கையில் சாவி இருந்தால், ஊர் அதைத் திருப்பிக் கேட்பதே இல்லை போலிருக்கிறது.